மாசி இருபத்தெட்டு, சுண்ணாம்புகுளம்

இரவு ஷிஃப்ட் முடிந்து
கம்பெனி பஸ் ஆரம்பாக்கத்தில் இறக்கிவிட்டபோது
கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கியது.
கழற்றவில்லை.
வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பவும் இல்லை.

எனக்குக் குறை கண்டுபிடிக்கச் சம்பளம்.
எட்டு மணி நேரம்
லென்ஸுக்குக் கீழே ஒவ்வொன்றாய் வரும்
செல்போன் கண்ணாடிகள்.
கீறல், குமிழி, தூசி.
இடப்பக்கம் பாஸ், வலப்பக்கம் ரிஜெக்ட்.
அந்தத் தாளின் பின்பக்கத்தில்தான்
மூன்று வாரமாய் ஏரியை எழுதுகிறேன்.

மாசி எட்டு: ஒன்றுமில்லை.
மாசி பதினைந்து: வேலிக்கருவேலத்தில் ஒரு மடையான்,
முதுகில் செம்மண் கொட்டினாற்போல் நிறம்.
சந்தேகம். வெயில் சாய்ந்திருந்தது.
மாசி இருபத்திரண்டு: கருவால் மூக்கன் நானூறு இருக்கும்.
ஒன்றின் கழுத்தில் மட்டும் துரு.

எங்கோ பனி உருகுகிற ஊரில்
உடுத்த வேண்டிய சட்டையை
இங்கே, என் எதிரில்,
ஒவ்வொரு இறகாய்ப் போட்டுக்கொள்கின்றன.
கல்யாணத்துக்குக் கிளம்பும் எதிர்வீட்டாரை
ஜன்னல் வழியே பார்ப்பது மாதிரி.
நமக்குப் பத்திரிகை இல்லை.

இன்று தேடி வந்தது
போகிறவர்களை அல்ல.

தண்ணீர் போன வாரத்தைவிட ஐம்பதடி பின்னால்.
விட்டுப்போன சேறு அப்பளமாய் வெடித்து
ஓரங்களில் உப்பு பூத்திருந்தது.
உமிரி சிவக்கத் தொடங்கிவிட்டது, குறித்துக்கொண்டேன்.
தூரத்தில் பூநாரைகள், வெறும் ஒரு கோடு.
கோட்டுக்கு அப்பால் ஆந்திரா.

இடுப்பளவு நீரில் பெஞ்சலம்மா
சேற்றைக் கையால் துழாவி
இறால் பிடித்துக்கொண்டிருந்தாள்.
ஓலைப்பறியைப் பல்லில் கடித்திருந்ததால்
தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை.
புருவத்தைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.
அவள் நாய் கரையில் எதையோ மோந்தபடி.

இருபது அடி நடந்திருப்பேன்.
காலடியிலிருந்தே கிளம்பியதுபோல்
ஒரு உப்புக்கொத்தி.
எலுமிச்சம்பழத்துக்குக் கால் முளைத்த அளவு.
இடது இறக்கை மண்ணில் இழுபட
கத்திக்கொண்டே சரிந்தது.
எழுந்தது. மறுபடி சரிந்தது.

கண் தன் வேலையைச் செய்தது:
இடது இறக்கை. முறிவு. ரிஜெக்ட்.
துப்பட்டாவை அவிழ்த்துக்கொண்டு
பொத்தி எடுத்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன்.
நான்கு அடி, பத்து அடி,
அது முன்னே, நான் பின்னே.
நின்றேன். அதுவும் நின்றது.
தலையைத் திருப்பி
நான் வருகிறேனா என்று பார்த்தது.

அங்கேதான் பிடிபட்டது.
வலி உள்ளது திரும்பிப் பார்க்காது.

எட்டு வருட வேலையில்
இல்லாத குறையை எழுதியது இதுதான் முதல்முறை.
இவ்வளவு சுத்தமாய் ஒருத்தி பொய் சொல்கிறாள் என்றால்
என் முதுகுக்குப் பின்னால் எங்கோ,
கிளிஞ்சல் துண்டுக்கும் ஆட்டுப்புழுக்கைக்கும் நடுவே,
மண்ணின் நிறத்திலேயே
இரண்டோ மூன்றோ இருக்கின்றன.
நான் தாண்டி வந்த இடம்.
மிதித்துமிருக்கலாம்.
மிதித்திருந்தால் இவள் இன்னும்
நடித்துக்கொண்டிருக்க மாட்டாள் என்று
சொல்லிக்கொண்டேன், இரண்டு தடவை.

குனிந்து தேடினால் கிடைத்துவிடும்.
என் கண்ணுக்குக் கிடைக்கும்.

தேடவில்லை.
வந்த தடத்திலேயே,
செருப்பு அச்சின் மேல் செருப்பு வைத்து
கழைக்கூத்தாடி கயிற்றில் போவதுபோல் திரும்பினேன்.
தாளில் தேதி மட்டும். பக்கத்தில் ஒரு டிக்.
இடம் என்ற கட்டம் காலி.

பெஞ்சலம்மா கரையேறி
பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
தாடையை ஒருமுறை தடவிக்கொண்டாள்.
"ஏம்மா, முள்ளு குத்திச்சா?"

அவள் முட்டை எடுக்கிறவள் இல்லை.
ஆனாலும் பொய் தொற்றிக்கொண்டிருந்தது.
"ஆமா, முள்ளு" என்றேன்.
நம்பட்டும் என்று
இடது காலை இழுத்து நாலு அடி நொண்டினேன்.
நொண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அவள் என் காலைப் பார்த்தாள்.
நான் வந்த பக்கத்தைப் பார்த்தாள்.
வேறொன்றும் கேட்காமல்
நாயை மட்டும்
இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டாள்.